ஆற்றில் போட்ட பாட்டு

தமிழில் பங்க் இசை ஏன் வரவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள். பாட்காஸ்டில் கேட்கிறார்கள், இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேட்கிறார்கள். கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார். சினிமா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. டிரம் செட் வாங்கி வைத்தால் ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். தமிழனுக்குக் கோபமே வராது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்கிறவர் அநேகமாகப் பக்கத்துத் தெரு சாவடியில் நடந்த பஞ்சாயத்தைக்கூடப் பார்த்திராதவராக இருப்பார்.

கேள்வியே கோணல் என்பது என் கட்சி. கிழிந்த ஜீன்ஸ், மூன்று கார்டு கிட்டார், தொண்டை கிழியும் கத்தல் எல்லாம் பங்க்கின் மேல்சட்டை. அதைக் கடையில் வாங்கலாம், இப்போது மால்களிலேயே விற்கிறார்கள். எனக்கு பங்க் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு கணக்கு நோட்டு. அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் சுயாதீன இசையின் ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். தமிழில் இன்று 'இண்டி' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைக் கேட்காமலே நடக்கிறது. அதனால்தான் இத்தனை கோபமாக எழுத வேண்டியிருக்கிறது.

*

முதலில் கதை. டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். நீங்கள் கேம் விளையாடிக்கொண்டே அரட்டை அடிக்கும் செயலி இல்லை. இது அதைவிட 35 வருஷம் மூத்தது.

1980. வாஷிங்டன் டி.சி.யில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களின் இசைக்குழு. ஓராண்டுபோல வாசித்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள். வாசித்துக் கிடைத்த காசை யாரும் செலவழிக்காமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். கலையும்போது அதில் சுமார் 600 டாலர். நாலாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அதற்குப் பதிலாக, பதிவுசெய்து வைத்திருந்த எட்டுப் பாட்டை ஏழு அங்குல இசைத்தட்டாகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். 1000 பிரதி. இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன், கூட நண்பன் நேதன் ஸ்ட்ரெய்செக். இல்லாத ஒரு குழுவின் தட்டை வெளியிடத் தொடங்கப்பட்டதுதான் அந்த லேபிள்.

உறை செய்ய அச்சகத்தில் ஆகும் செலவு கட்டுபடியாகவில்லை. கையிலிருந்த ஒரு தட்டின் உறையைப் பசை பிரித்து விரித்துப் பார்த்தார்கள். அதே வடிவத்தில் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். ஒவ்வொன்றாக. நம்மூர் சிவகாசி வேலை மாதிரிதான். பிறகு ஆர்லிங்டனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அதற்கு டிஸ்கார்ட் ஹவுஸ் என்று பெயர். பாட்டுப் பதிவு, டான் ஸியெண்டாரா என்பவர் தன் வீட்டு அடித்தளத்தில் வைத்திருந்த இன்னர் இயர் ஸ்டூடியோவில்.

இதுவரை சொன்னது ரொமான்ஸ். இனி சொல்வதுதான் விஷயம்.

டிஸ்கார்டில் வக்கீல் எழுதிய ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சும் லாபத்தில் குழுவுக்குப் பங்கு. வாஷிங்டன் டி.சி. வட்டாரத்துக் குழுக்களுக்கு மட்டுமே தட்டு. வெளியூர்க்காரர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சரி, 'உன் ஊரில் நீயே ஒன்று தொடங்கு' என்பதுதான் பதில். விலை குறைவு, தபால் செலவு உட்பட இவ்வளவு என்று தட்டின் உறையிலேயே அச்சடித்துவிடுவார்கள். கடைக்காரர் ஏற்ற முடியாது. மெக்காயின் பிந்தைய குழுவான ஃபுகாஸி பல வருஷம் 5 டாலர் டிக்கெட்டில் வாசித்தது. எல்லா வயதினருக்கும் அனுமதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டி-ஷர்ட் விற்பதில்லை. பெரிய கம்பெனிகள் வந்து கேட்டன, போகவில்லை. நாற்பது வருஷம் கடந்தும் அந்த லேபிள் இருக்கிறது. ஃபுகாஸியின் நூற்றுக்கணக்கான கச்சேரிப் பதிவுகளை 2011 முதல் இணையத்தில் வரிசையாகத் தந்துகொண்டிருக்கிறது.

இதை லட்சியவாதம் என்று சொல்லிக் கும்பிட்டு ஓரமாக வைத்துவிட்டால், சிக்கலிலிருந்து தப்பிவிடலாம். அப்படித் தப்ப விடக் கூடாது. அதே காலத்தில் அதே லட்சியத்தோடு தொடங்கிய மற்ற லேபிள்கள் என்ன ஆயின? கலிஃபோர்னியாவில் கிரெக் ஜின் தொடங்கிய எஸ்.எஸ்.டி., ஒரு தலைமுறையின் காதையே மாற்றிய லேபிள். ஆனால் வர வேண்டிய ராயல்டிக்காகக் குழுக்கள் வழக்குப் போட வேண்டி வந்தது. கிரீன் டே குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்ட லுக்அவுட், நண்பர்கள் நடத்திய நண்பர்களின் கம்பெனி. 2005-ல் பாக்கி ராயல்டி வராததால் கிரீன் டே தன் ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சில வருஷத்தில் லுக்அவுட் மூடியது.

கவனியுங்கள். இவற்றை சோனியோ வார்னரோ வந்து கொல்லவில்லை. கொன்றது சொந்தக் கணக்கு நோட்டு. 'நமக்குள்ள என்ன கணக்கு' என்று தோளில் கைபோட்டுப் பேசும் அந்த ஒரு வாக்கியம் கொன்றது. டிஸ்கார்டைக் காப்பாற்றியது அதன் கோபம் இல்லை. கோபம் மூன்று லேபிளுக்கும் இருந்தது.

*

நான் விருத்தாசலத்துக்காரன். எங்கள் ஊரைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்தது, புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் என்பதும், இமையமும் கண்மணி குணசேகரனும் இந்தப் பக்கத்து மண்ணை எழுதினார்கள் என்பதும். மற்றவர்களுக்கு ரயில் ஜங்ஷன். இங்கே இன்னொன்று இருக்கிறது: பீங்கான். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழிற்பேட்டை. அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் உண்டு. உங்கள் பாட்டி வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக ஒரு பியூஸ் கேரியர் இருந்ததே, அது எங்கள் ஊரிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எம்.சி.பி. வந்த பிறகு அதைக் கேட்பார் குறைந்து, பொம்மை, ஜாடி, கப் என்று பட்டறைகள் மாறிக்கொண்டன.

இந்தத் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு. சிறு பட்டறைக்காரர் எல்லாரிடமும் சூளை இருக்காது. சூளை என்பது பெரிய முதலீடு, எரிபொருள் செலவு வேறு. அதனால் அச்சில் வார்த்துக் காயவைத்த பச்சைப் பொருளை சூளை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய், காசு கொடுத்துச் சுட்டுக்கொண்டு வருவார்கள். சூளைக்காரருக்குச் சூட்டுக் கூலி. பொம்மை, செய்தவனுடையது. 'ஆயிரத்து இருநூறு டிகிரி நெருப்பு என்னுடையது, அதனால் உன் பொம்மையின் அச்சும் இனிமேல் என்னுடையது' என்று எந்தச் சூளைக்காரரும் சொன்னதில்லை. சொன்னால் தொழிற்பேட்டையே சிரிக்கும்.

இசை உலகத்தில் அதைத்தான் சொல்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

பதிவுக்கும் வீடியோவுக்கும் பணம் போடுகிறவர் சூளைக்காரர். அவருக்குக் கூலி வேண்டும், நஷ்டத்தைத் தாங்குகிறார் என்பதால் லாபத்தில் பங்கும் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் மாஸ்டர் ஏன் அவருடையது ஆகிறது? அதுவும் காலாகாலத்துக்கும்? டிஸ்கார்ட் செய்தது இந்த எளிய பிரிவினையைத்தான்: நெருப்பு வேறு, பொம்மை வேறு. வாஷிங்டனில் வேறு சிறு லேபிள்கள் தொடங்க நினைத்தபோதும் தட்டு அச்சடிக்கவும் விநியோகிக்கவும் உதவிவிட்டு ஒதுங்கி நின்றது. பொதுச்சூளை.

*

'அதெல்லாம் அமெரிக்காவில். நம்மிடம் ஏது?' என்று கேட்பீர்கள். நம்மிடம் நிறைய இருந்தது. நாம்தான் அதற்கு வேறு பெயர் வைத்து மாலை போட்டுவிட்டோம்.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை நடந்தது. எழுத்து பிரசுரம் என்று புத்தகமும் போட்டார். போட்ட புத்தகத்தை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாக, எண்பது வயதுக்கு மேல், தானே வெளியிட்டார். மெக்காய் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது, யாருக்கும் பணியாதது, தானே அச்சிட்டுத் தானே சுமந்தது. தமிழில் பங்க் லேபிள் வந்துவிட்டது சார், கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, அதனால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

இங்கேதான் என் இரண்டாவது சண்டை. செல்லப்பாவைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் என்ன பேசுகிறோம்? இழந்ததை. சுமந்ததை. தோற்றதை. சிற்றிதழ் மரபு முழுக்க இந்த இழப்புக் கதையால் நிரம்பியிருக்கிறது. மனைவியின் நகையை விற்றுப் பத்திரிகை நடத்தினார் என்றால் நமக்குக் கண் கலங்குகிறது. சந்தாவை ஒழுங்காக வசூலித்து, எழுதியவருக்குக் காசு கொடுத்துப் பத்திரிகை நடத்தினார் என்றால் 'வியாபாரி' என்கிறோம். அந்த நகையைக் கழற்றிக் கொடுத்தவர் பெயரை ஒரு நினைவுக் கட்டுரையும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த மனநிலை அப்படியே இசைக்கு வந்திருக்கிறது. சுயாதீனமாக இருக்கிறவன் பட்டினி கிடக்க வேண்டும், கணக்குக் கேட்டால் அவன் கலைஞன் இல்லை. யாருக்கு வசதி இது? கணக்கு நோட்டைத் தன் கையில் வைத்திருப்பவருக்கு.

கேசட் காலத்தில் நிலைமை கொஞ்சம் திறந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகம் தன் பாட்டுகளைத் தானே கேசட்டாகப் போட்டது. அதன் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் டாஸ்மாக்குக்கு எதிரான பாட்டுக்காகத் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். அவர்கள் அரசியலோடு நீங்கள் உடன்பட வேண்டாம். ஆனால் மூன்று நிமிடப் பாட்டுக்காக ஒரு மனிதரை வீடு புகுந்து பிடிக்கிற அளவு அரசாங்கத்தைக் கலவரப்படுத்திய பிறகு, 'தமிழில் பங்க் இல்லை' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதியற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர். அன்றைக்கு அங்கே கேட்டது டி.சி.யின் எதிரொலி இல்லை. அது இந்த ஊர்க் குரல்.

ஆக, குரல் இருக்கிறது. கோபம் இருக்கிறது. பிறகு எதைத் தொலைத்தோம்?

*

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். ஏ.ஆர். ரஹ்மான் பின்னணியில் இருந்த மாஜா என்ற புதிய தளம் வெளியிட்டது. சுயாதீனக் கலைஞர்களுக்கான வாசல் என்று எல்லோரும் கைதட்டினோம். பல கோடிப் பார்வைகள். அடுத்த வருஷமே, யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யார் பெயர் எங்கே விடுபட்டது என்று பொதுவெளியில் சண்டை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு அதுவரை வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் நின்ற மூதாதையரின் பாட்டு அது. அதைச் செய்தவர்கள் அந்தப் பாட்டிலேயே நிலமில்லாமல் நின்றோம் என்கிறார்கள்.

யார் மேல் தவறு என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. நான் பார்ப்பது ஏற்பாட்டை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டை உருவாக்கியவர்களுக்கு, மூன்று வருஷம் கழித்தும் வரவு எவ்வளவு என்பதைத் தங்கள் நோட்டைப் புரட்டிச் சொல்ல முடியவில்லை. நோட்டு அவர்களிடம் இல்லை. சட்டம் இல்லாமலா? 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று வைத்தாயிற்று. பங்கு சட்டத்தில் இருக்கிறது. எதிலிருந்து பங்கு என்று காட்டும் தாள் வேறு எங்கோ இருக்கிறது.

என் வேலை மென்பொருள். டேட்டாபேஸில் ஒரு வரிசையைப் படிக்க யாருக்கு அனுமதி, எழுத யாருக்கு அனுமதி என்று பிரித்து வைப்பதே எங்கள் பிழைப்பு. அதனால் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு உடனே தெரிவது ஒன்றுதான்: பாடுகிறவனுக்கு இங்கே படிக்கும் அனுமதிகூட இல்லை. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ராப் பாடுவான். ஒரு விநியோகச் செயலி வழியாக நாலு பாட்டைப் போட்டிருக்கிறான். வருஷச் சந்தா கட்டாவிட்டால் பாட்டு இறங்கிவிடும். அவனுக்கு வந்த அறிக்கையை என்னிடம் காட்டினான். புள்ளிக்குப் பிறகு ஐந்து பூஜ்யம் போட்டு ஒரு எண். 'இது என்னண்ணே, ரூபாயா?' என்றான். தன் பாட்டைத் தானே வாடகைக்கு வைத்திருக்கிறான் அவன்.

ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. அந்தக் காசு, அதிகம் கேட்கப்பட்ட பாட்டுகளின் பக்கம் போகும். இப்போது 1980-க்குத் திரும்பிப் பாருங்கள். 1000 தட்டு அச்சடித்தார்கள், அதில் ஒரு லேபிள் பிறந்தது. இன்றைக்கு ஒருவன் பாட்டை வருஷத்தில் 999 முறை கேட்டாலும் அது பூஜ்யம். 999 பேர் என்றால் எங்கள் ஊரில் ஒரு கல்யாண மண்டபம் நிறைந்து வாசலில் பந்தி போட வேண்டும். மொய் மட்டும் பக்கத்து மண்டபத்துக்கு.

*

விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். பெரியபுராணத்தில் ஒரு கதை. சுந்தரர் இங்கே பாடி இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெறுகிறார். திருவாரூர் வரை தூக்கிப்போக முடியாது. 'மணிமுத்தாற்றில் போடு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்கிறார் இறைவன். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை என்று இன்றும் சொல்வோம். குளத்தில் இறங்கித் தேடினால் முதலில் பொன்னே கிடைக்கவில்லை. பாடிய பிறகு கிடைக்கிறது. உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார், சரியாகிறது.

பக்தர்கள் வேறு மாதிரி படிக்கட்டும். எனக்கு இது உலகின் முதல் ராயல்டித் தகராறு. ஒரு ஊரில் பாட்டுக்குக் கிடைத்தது, கண்ணுக்குத் தெரியாத வழியில் போய், இன்னொரு ஊரில் தரம் குறைந்து வருகிறது. ஸ்ட்ரீமிங் என்றாலே ஆறுதானே.

ஆனால் சுந்தரர் ஏமாறவில்லை. ஏன்? ஒன்று, எத்தனை போட்டோம் என்ற எண் அவருக்குத் தெரியும். இரண்டு, ஆற்றில் போடும் முன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு ஒப்பிட்டுத்தான் மாற்றுக் குறைவைக் கண்டுபிடித்தார்கள். கடவுளே கொடுத்தாலும் மாதிரி எடுத்து வைக்கிற மனிதர்! மூன்று, அவர் இறைவனின் தோழர். குளக்கரையில் நின்று 'ஏன் குறைகிறது' என்று கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது.

எண், மச்சம், தோழமை. டிஸ்கார்டிடம் மூன்றும் இருந்தன. லுக்அவுட்டிடம் தோழமை மட்டும் இருந்தது, அதனால் தோழமையும் போயிற்று. இன்றைய தளங்களிடம் எண் மட்டும் இருக்கிறது, அதுவும் அவர்கள் பக்கத்தில்.

*

ஒரு எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கார்ட் பையன்கள் தலைநகரத்து நடுத்தரவர்க்க வெள்ளைக்காரப் பிள்ளைகள். மெக்காயின் அப்பா பத்திரிகையாளர். தோற்றால் திரும்பிப்போக வீடு இருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு குறைந்தபட்ச வசதி தேவை. எங்கள் ஊர்ப் பையனுக்கு அது இல்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு மாஸ்டரை எழுதிக் கேட்டால் அவன் கொடுத்துவிடுவான், அந்த ஐயாயிரத்தில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு முடியும். அவனுக்கு நான் லட்சியம் போதிக்க முடியாது. இது உண்மை. ஆனால் இந்த உண்மையிலிருந்து வர வேண்டிய முடிவு 'அதனால் எழுதிக் கொடுத்துவிடட்டும்' என்பதாக இருக்க முடியாது. தனியாக மறுக்க முடியாதவர்களுக்குத்தான் பொதுச்சூளை வேண்டும். பீங்கான் பட்டறைக்காரரும் பணக்காரர் இல்லை. அதனால்தான் அந்த ஏற்பாடே உண்டானது.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும், சம்பளம் வாங்கும், சனிக்கிழமை இண்டி பிளேலிஸ்ட் பகிரும் என் வயதுக்காரர்களிடம் கேட்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டால் ஒரு சின்ன ஊரில் ஒரு லேபிள் தொடங்கலாம். விதிகள் ஒரு தாளில் அடங்கும். மாஸ்டர் பாடினவருடையது. போட்ட செலவு முதலில் கழியும், பிறகு லாபத்தில் பங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு வரவுசெலவும், வரவு பூஜ்யமாக இருந்தாலும், குழுவில் எல்லாரும் பார்க்கும்படி. எழுதியவர், மெட்டுப் போட்டவர், பறை அடித்தவர் பெயர் வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில். ஒரு மாவட்டத்துக்கு மேல் போகக் கூடாது, அடுத்த மாவட்டம் கேட்டால் இந்தத் தாளை நகல் எடுத்துக் கொடுக்கலாம். ஸ்பாட்டிஃபையிலும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மச்சத்தை வெட்டி வைத்துக்கொண்டு போடுங்கள்.

இதில் புரட்சிகரமாக ஒன்றும் இல்லை. கூட்டுறவுப் பால் சங்கத்தில் எங்கள் அத்தை தினமும் காலையில் செய்வது இதுதான். ஊற்றிய பால் எத்தனை லிட்டர், என்ன டிகிரி என்று நோட்டில் எழுதி வாங்காமல் அவர் சொசைட்டி வாசலை விட்டு நகரமாட்டார்.

பாட்டு பாலைவிட மலிவாகப் போய்விட்டதா என்ன?